வலிக்காத பல்

"வலிக்கலைன்னு உண்மையச் சொன்னதுதான் எங்கக்கா செஞ்ச தப்பா? அதுக்குப் பதில் சொல்லு. சொல்ற வரைக்கும் இந்த ஷட்டரை விட்டு நகர மாட்டேன்."

"நகராதீங்க. ஆனா கொஞ்சம் பின்னால போய் நகராம இருங்க. அந்த வட்டம் எதுக்குப் போட்டிருக்கு?"

பல் ஆஸ்பத்திரியின் ஷட்டர் இடுப்பு உயரத்துக்குத்தான் தூக்கியிருந்தது. உள்ளே முக்காலியில் உட்கார்ந்திருந்த பெண்ணின் தலை மட்டும் வெளியே தெரிந்தது. தலை என்றால் முகக்கவசம், அதன் முன்னால் ஒரு பிளாஸ்டிக் மறைப்பு, மேலே ஒரு நீலத் தொப்பி, இவ்வளவுக்கும் நடுவில் இரண்டு கண். வெளியே, தரையில் வரைந்திருந்த வெள்ளை வட்டத்தைத் தாண்டி வந்து கத்திக்கொண்டிருந்தவள் தையல்காரியின் தங்கை. அவளுக்குப் பின்னால், வட்டத்துக்குள் இரண்டு காலையும் ஒழுங்காகச் சேர்த்து வைத்துக்கொண்டு, தங்கையின் சட்டை நுனியைப் பிடித்து இழுத்தபடி நின்றவள் தையல்காரி. பல் அவளுடையது. சண்டை மட்டும் தங்கையுடையது.

ஊரடங்கு போட்டு ஆறாவது வாரம். தெருநாய்கூடக் குரைப்பதற்கு ஆள் கிடைக்காமல் அலுத்துப் படுத்திருந்த காலம். அப்படிப்பட்ட வெள்ளிக்கிழமை காலை பத்தரை மணிக்கு ஒரு சண்டை வந்தால் யார் விடுவார்கள்? தெருவில் இருந்த பால்கனி ஒன்றும் காலியில்லை. எங்கள் பால்கனி நேர் எதிரே, முதல் மாடி. நான் துணி காயப்போட வந்தவள். போட்டு முடித்த பிறகும், காய்ந்த துணியை எடுத்து உதறி மறுபடியும் காயப்போட்டுக்கொண்டிருந்தேன்.

தலையும் வாலும் தெரியாமல் சண்டை பார்ப்பதில் எனக்கு உடன்பாடில்லை. முன்கதையைச் சொல்லிவிடுகிறேன்.

அக்காவும் தங்கையும் குடியிருப்பது அந்தப் பல் ஆஸ்பத்திரிக்கு மேல்மாடியில். அக்காவுக்கு நாற்பத்தொன்று, தங்கைக்கு முப்பத்து நான்கு. தங்கைக்கு ஒரு பொருட்கிடங்கில் வேலை. லாரி டிரைவர்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு வரிசைப்படுத்துவதுதான் அந்த வேலை. அங்கே அவளுக்கு ஒலிபெருக்கி கொடுத்திருந்தார்களாம், தேவையில்லை என்று திருப்பிக் கொடுத்துவிட்டாளாம். அக்காவோ அதற்கு நேர்மாறு. பள்ளிச் சீருடை தைப்பாள், கால்சட்டை நீளம் குறைப்பாள், ஜிப் மாற்றுவாள். அளவெடுக்கும்போது 'கையைத் தூக்குங்க', 'திரும்புங்க', 'வியாழக்கிழமை', இந்த மூன்றைத் தவிர நான்காவது பேச்சு வராது. சிரிக்க மாட்டாள். தெருவில் அவளுக்குப் 'பூட்டு' என்று ஒரு பேர் இருந்தது. அதை வைத்தது யார் என்பது இப்போது அவ்வளவு முக்கியமில்லை.

திமிர் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம். விஷயம் அது இல்லை. பத்தொன்பது வயதில் பேருந்துப் படியில் கால் இடறி, முன்பல் கம்பியில் மோதியிருக்கிறது. பல் விழவில்லை, ஆடக்கூட இல்லை. ஆனால் ஆறு மாதத்தில் அது மட்டும் சாம்பல் நிறமாகிவிட்டது. அன்றிலிருந்து மேலுதட்டை இறக்கியே பேசப் பழகிவிட்டாள். தைக்கும் தொழில் அதற்குத் தோதாக அமைந்தது. உதட்டுக்கு நடுவில் நாலு குண்டூசியை வைத்துக்கொண்டால் யாரும் பேச்சுக் கொடுக்க மாட்டார்கள். பிறகு ஊசி இல்லாத நேரத்திலும் ஊசி இருப்பதுபோலவே வாயை வைத்துக்கொண்டாள். இருபத்திரண்டு வருஷம்.

அந்தப் பூட்டைத் திறந்தது ஷட்டருக்குள் முக்காலியில் உட்கார்ந்திருக்கிறாளே, அந்தப் பெண்தான். ஆஸ்பத்திரியில் நம்பர் கொடுத்துக் கூப்பிடுகிறவள் என்பதால் தெரு முழுக்க அவள் பேர் டோக்கன். ஒருநாள் வெள்ளைக் கோட்டின் கை நீளத்தைக் குறைக்க மேலே போயிருக்கிறாள். நூல் தூசியில் தையல்காரிக்குத் தும்மல் வந்திருக்கிறது. தும்மும்போது யாரால் உதட்டை இறக்கி வைக்க முடியும்? பார்த்துவிட்டாள். இன்னொருத்தியாக இருந்தால் பார்க்காததுபோல் இருந்திருப்பாள், இல்லை, என்னைப்போல வெளியே வந்து நாலு பேரிடம் சொல்லியிருப்பாள். இவள் நேராகவே சொல்லிவிட்டாள்.

"அக்கா, இதுக்காகவா இத்தனை வருஷம் வாயை மூடிக்கிட்டு இருந்தீங்க? மூணு தடவை கீழ இறங்கி வந்தா முடிஞ்சிரும். உள்ள சுத்தம் பண்ணி, அடைச்சு, மேல ஒரு கேப், பல்லு நிறத்துலயே மூடி மாதிரி."

தையல்காரி ஒரு மாதம் யோசித்தாள். பிறகு இறங்கினாள். அவள் தையல் மிஷினுக்கு நேர் கீழேதான் டாக்டரின் சாய்வு நாற்காலி இருந்தது. இரண்டு தடவை போய் வந்தாள். டாக்டர் பல்லின் பின்பக்கம் சின்னதாக ஓட்டை போட்டு, உள்ளே செத்துப் போயிருந்ததைச் சுரண்டி எடுத்து, மருந்து வைத்துத் தற்காலிகமாக அடைத்து அனுப்பினார். நிறம் பார்க்கும் அட்டையும் காட்டினாராம். குட்டிக் குட்டிப் பல்லாக வரிசையாகக் கோத்து வைத்திருப்பார்களே, அது. நூற்கண்டு நிறம் பார்த்துப் பழகிய கண்ணல்லவா, ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்து, பளீர் வெள்ளையை ஒதுக்கிவிட்டு, தன் மற்றப் பற்களோடு சேருகிற லேசான மஞ்சளை எடுத்தாள். 'இதேதானே வரும்?' என்று இரண்டு முறை கேட்டாளாம். அடுத்த வியாழக்கிழமை அளவெடுப்பு. திங்கட்கிழமை ஊரை அடைத்துவிட்டார்கள்.

அதன் பிறகு ஆஸ்பத்திரி வாரத்தில் இரண்டு காலை மட்டும், செவ்வாய், வெள்ளி. ஒரு நாளைக்கு நாலு பேர். 'அவசர சிகிச்சை மட்டும்' என்று ஷட்டரில் ஒட்டிவிட்டார்கள். வாயைத் திறந்தால்தானே பல் வைத்தியம், அந்த வாய்தானே அப்போது ஊருக்கே பயம்? டாக்டரைக் குறை சொல்ல முடியாது. வீட்டில் நுரையீரல் கெட்டுப்போன அப்பாவை வைத்துக்கொண்டு அந்த நாலு பேரையும் பார்த்தார், பாவம். யார் அந்த நாலு பேர் என்று பொறுக்கி எடுப்பது டோக்கனின் வேலை. அதற்கு ஒரு தாள் கொடுத்திருந்தார்கள். போனில் கேட்க வேண்டிய கேள்விகள். தாங்க முடியாத வலியா? வீக்கமா? காய்ச்சலா? ரத்தம் நிற்கவில்லையா? தூங்க முடிகிறதா? எல்லாவற்றுக்கும் 'இல்லை, தூக்கம் வருகிறது' என்றால் 'அப்புறம்' என்ற பட்டியலில் ஒரு எண்.

அந்தக் கேள்விகள் எனக்கு எப்படி மனப்பாடம் என்று கேட்டால், எங்கள் வீட்டுக்காரரால்தான். அவருக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறை பல் சுத்தம் செய்தாக வேண்டும். உலகமே மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தபோது இவருக்குக் கீழ்வரிசையில் கறை படிகிறதே என்று கவலை. போன் செய்தார், கேள்விகளுக்கு உண்மையைச் சொன்னார், 'அப்புறம்' பட்டியலில் நாற்பதாவது இடம் கிடைத்தது. இரண்டு நாள் கண்ணாடி முன்னால் நின்று பெருமூச்சு விட்டார். எனக்குப் பொறுக்கவில்லை.

"தூங்க முடியலைன்னு சொன்னா என்ன?" என்றேன்.

"நல்லாத்தானே தூங்குறேன்."

"நீங்க குறட்டை விடுறது எனக்குத் தெரியும். அவளுக்குத் தெரியுமா?"

அடுத்த வாரம் மறுபடி போன் செய்தார். கன்னத்தைப் பிடித்துக்கொண்டுதான் பேசினார். போனில் கன்னம் தெரியாது, இருந்தாலும் குரலுக்கு அது உதவியது. இடையில் ஒரு 'அம்மா' போட்டார், அது நான் சொல்லிக் கொடுத்ததில்லை, சொந்தச் சரக்கு. வெள்ளிக்கிழமை பதினோரு மணி கிடைத்தது. அழுத பிள்ளைக்குத்தான் பால் என்பார்கள். எங்கள் வீட்டுப் பிள்ளைக்கு ஐம்பத்தாறு வயது.

தையல்காரியும் மூன்று முறை போன் செய்திருக்கிறாள். அதை நான் பின்னால் டோக்கன் வாயாலேயே கேட்டேன். முதல் முறை, வலிக்குதா என்றால் இல்லைம்மா. வீக்கம்? இல்லைம்மா. தூக்கம் வருதா? 'வருதும்மா, வேலை இல்லாததால பகல்லகூட வருது.' எழுபத்தோராம் எண். இரண்டாம் முறையும் அதே பதில்கள், அதே எண். மூன்றாம் முறை அவளே ஒன்று சொல்லப் பார்த்திருக்கிறாள். 'அடைச்சது விழுந்துட்டுதும்மா, ஆனா நானே சமாளிச்சுக்கிட்டேன்.' அந்த நேரம் டோக்கனின் இன்னொரு போன் அடித்திருக்கிறது. சமாளித்துக்கொண்டேன் என்ற வார்த்தை மட்டும் காதில் விழ, நல்லது அக்கா என்று வைத்துவிட்டாள்.

எப்படிச் சமாளித்தாள் என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

பள்ளிக்கூடம் மூடியதால் சீருடை இல்லை. தெருவுக்கு முகக்கவசம் வேண்டியிருந்தது. தைத்துத் தள்ளினாள். மீதித் துணி, பழைய படுக்கை விரிப்பு என்று எங்கள் தெருவில் அவள் தைத்ததை மாட்டாத மூக்கு கிடையாது. ஒரு கவசத்துக்கு எட்டு இடத்தில் நூல் வெட்ட வேண்டும். அவள் கத்தரி எடுக்க மாட்டாள். குனிந்தால் துணி, நிமிர்ந்தால் பல், டக். தொழில் கற்ற நாளிலிருந்து அப்படித்தான். அதுவும் அந்தச் சாம்பல் பல்தான் வாட்டமான பல். உள்ளே குடைந்து, மேலே மூடி போடாமல் விட்ட பல்லால் ஒரு நாளைக்கு நானூறு முறை நூலைக் கடித்தால் அடைப்பு நிற்குமா? நாலாவது வாரம் விழுந்துவிட்டது.

நாக்கை வைத்தால் ஓட்டை. தண்ணீர் குடித்தால் உள்ளே போகிறது. அவள் என்ன செய்தாள் தெரியுமா? பொத்தான் தைக்கிற நூல் வழுக்கிக்கொண்டு போக அதில் மெழுகு இழுப்பார்கள். ஒரு உருண்டை மெழுகு எப்போதும் மிஷின் மேலே இருக்கும். அதிலிருந்து நகத்தால் கொஞ்சம் கிள்ளி, கையில் உருட்டி, ஓட்டையில் வைத்து அமுக்கிவிட்டாள். கச்சிதமாக உட்கார்ந்தது. தினமும் காலையில் பழையதை எடுத்துவிட்டுப் புதியதை வைப்பாள். வலி? துளியும் இல்லை. அந்தப் பல்லில் வலிப்பதற்கு நரம்பு ஏது? அது செத்து இருபத்திரண்டு வருஷமாகிறதே. வலிக்கவில்லை என்று அவள் போனில் சொன்னது சத்தியமான வார்த்தை. தாளில் இருந்த கேள்விகளோ உயிருள்ள பல்லுக்கு எழுதியவை.

அன்று வெள்ளிக்கிழமை காலை, அக்கா தண்ணீர் குடிக்கும்போது டம்ளரின் ஓரமாக நீர் வழிவதைத் தங்கை பார்த்திருக்கிறாள். மேலுதடு ஒரு பக்கம் தடித்திருந்தது. மிஷின் மேல் இருந்த மெழுகு உருண்டையில் நூல் ஓடிய கோட்டுக்குப் பக்கத்தில் நகக்குழிகள். கிடங்கில் நாற்பது லாரியை ஒழுங்குபடுத்துகிறவளுக்கு இதைக் கூட்டிப் பார்க்கத் தெரியாதா? வலிக்குதுன்னு போன் பண்ணு என்றிருக்கிறாள். அக்கா சொன்ன பதில், தங்கை தெருவுக்கே கேட்கும்படி திருப்பிச் சொன்னதால் எனக்கும் தெரியும். 'இல்லாத வலியை எப்படிடி சொல்றது? அந்தப் பொண்ணு நம்பி எழுதிக்குமே.'

துண்டை உதறுவதை அந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்தினேன். பக்கத்தில் நின்ற எங்கள் வீட்டுக்காரரைப் பார்க்கவில்லை.

இனி சண்டைக்கு வரலாம்.

"லிஸ்ட்டுல இருக்கிறதைத்தானே நான் கேட்க முடியும்?" என்றாள் டோக்கன். "நானா எழுதினேன் அதை?"

"லிஸ்ட்டைக் கேட்டே. ஆளைப் பாத்தியா?"

"ஆளைப் பாக்கக் கூடாதுன்னுதான் ஷட்டரையே பாதி போட்டிருக்கு."

"உன்னை நம்பித்தானே அவ இறங்கி வந்தா? இருபது வருஷம் சும்மா இருந்தவளை நீதானே கூப்பிட்டே? மூணு தடவை வாங்கக்கான்னு சொல்லிட்டு, ரெண்டு தடவையோட ஓட்டை போட்டு நிறுத்திட்டீங்க. கூரையைப் பிரிச்சுப் போட்டுட்டு, மழை வந்தா அப்புறம் வாங்கன்னா எப்படி?"

டோக்கன் தாளை எடுத்தாள். பழக்கதோஷம். வட்டத்துக்குள் நின்றவளைப் பார்த்து, "அக்கா, வலிக்குதா?" என்று கேட்டாள்.

"இல்லைம்மா," என்றாள் தையல்காரி.

தங்கை இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டாள்.

"வீக்கம்?"

"கொஞ்சம் தடிப்பு மாதிரி. அவ்வளவுதான்."

"தடிப்பா, வீக்கமா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்கக்கா. எழுதணும்."

தையல்காரி யோசித்தாள். தப்பாகச் சொல்லிவிடக் கூடாதே என்று யோசித்தாள் என்றுதான் இப்போது தோன்றுகிறது. அப்புறம், எங்களுக்கெல்லாம் மூக்கு மூடத் தைத்துக் கொடுத்தவள், தன் முகக்கவசத்தைக் கீழே இழுத்தாள். இழுத்ததோடு விடவில்லை. கட்டைவிரலால் மேலுதட்டைத் தூக்கிப் பிடித்தாள். இருபத்திரண்டு வருஷம் ஒருத்தருக்கும் காட்டாததை, எட்டு பால்கனியும் ஆள் நிறைந்திருக்கும்போது, வெள்ளை வட்டத்துக்குள் அசையாமல் நின்று காட்டினாள்.

"நீயே பாத்து எழுதிக்கோம்மா," என்றாள்.

ஈறு நாவற்பழம்போல் உருண்டு திரண்டிருந்தது. மூக்குக்கும் உதட்டுக்கும் நடுவில் இருக்க வேண்டிய மடிப்பு ஒரு பக்கம் காணவே இல்லை. நடுவில் அந்தச் சாம்பல் பல், ஓரத்தில் மஞ்சளாக மெழுகு. எங்களுக்கு வேண்டிய அளவு வேடிக்கை கிடைத்துவிட்டது, ஆனால் ஒருத்தருக்கும் அது வேண்டியிருக்கவில்லை.

டோக்கன் தாளைக் கீழே வைத்தாள். "உள்ள வாங்கக்கா" என்று சொல்லிவிட்டு, அடுத்த நொடியே, "ஐயோ, இன்னிக்கு நாலும் முடிஞ்சுதே," என்றாள். டாக்டர் வீட்டில் கண்டிப்பு. நாலாவது ஆளோடு எழுந்துவிடுவார், ஐந்தாவது கிடையாது. "பதினொண்ணுக்கு ஒருத்தர் இருக்காரு. அவரும் பாவம். மூணு நாளாத் தூக்கமே இல்ல, துடிக்கிறாரு."

"யாரு அது? எந்த வீடு?" என்றாள் தங்கை. "நான் போய்க் கேக்குறேன்."

டோக்கன் பேர் சொல்லவில்லை. நல்ல பெண், நோயாளி ரகசியம் காப்பவள். ஆனால் கண் இருக்கிறதே, அதற்கு மறைப்பு போட முடியாது. அது மெதுவாக மேலே, எதிர்ப்பக்கம், முதல் மாடிக்கு வந்தது. அது போன வழியே தங்கையின் கண் வந்தது. அதன் பின்னால் எட்டு பால்கனியும் வந்தன.

மூன்று நாளாகத் தூக்கமில்லாமல் துடிக்கிறவர் என் பக்கத்தில், பால்கனிக் கம்பியில் சாய்ந்து, கையில் ஒரு கிண்ணம் வறுத்த கடலையோடு நின்றிருந்தார். இரண்டு பக்கக் கடைவாயும் வேலை செய்துகொண்டிருந்தது. எல்லோரும் பார்க்கிறார்கள் என்று தெரிந்ததும் மெல்லுவதை நிறுத்தினார். ஆனால் ஒரு கடலை ஏற்கெனவே பல்லுக்கு நடுவில் இருந்தது. அந்த அமைதியில் அது உடைந்த சத்தம் அந்தக் கோடி வரை கேட்டிருக்கும்.

"கடலை தின்னா பல்வலி நிக்குமாண்ணே?" என்றாள் தங்கை. கத்தவே இல்லை. அவள் மெதுவாகப் பேசி நான் கேட்டது அன்றுதான் முதல் முறை. கத்தியிருந்தால் தேவலை என்றிருந்தது.

அவர் என்னைப் பார்த்தார். ஐம்பத்தாறு வயதில் ஒரு மனிதனுக்குத் திட்டு வாங்குகிற இடமெல்லாம் மனைவி தேவைப்படுகிறாள். யோசனை கொடுத்தவளும் நான்தானே. துண்டைக் கொடியில் போட்டுவிட்டு, குனிந்து சொன்னேன்.

"அவருக்கு வலி நின்னுடுச்சும்மா. அந்தப் பதினோரு மணியை அவங்களுக்குக் குடு."

"எப்ப நின்னுச்சு?" என்று மூன்றாம் வீட்டு மாடியிலிருந்து ஒருவர் கேட்டார். அவருக்கு நான் இன்றுவரை பதில் சொல்லவில்லை.

தையல்காரி பாதி ஷட்டருக்குக் கீழே குனிந்து உள்ளே போனாள். போகும்முன் எங்கள் பால்கனியைப் பார்த்து ஒரு கையைத் தூக்கினாள். நன்றி சொன்னாள் என்று புரிய எனக்குச் சற்று நேரம் பிடித்தது. நான் உள்ளே போய்விட்டேன். ஜன்னல் வழியாகத்தான் மீதியைப் பார்த்தேன். தங்கை வட்டத்துக்குள் போய், கையைக் கட்டிக்கொண்டு, முக்கால் மணி நேரம் வாய் திறக்காமல் நின்றாள்.

உள்ளே நடந்தது டோக்கன் சொல்லித் தெரியும். டாக்டர் மெழுகை எடுத்ததுமே சீழ் பீறிட்டு வந்திருக்கிறது. ஓட்டை திறந்தே இருந்திருந்தால்கூட அது தானாக வடிந்திருக்குமாம். கொதிக்கிற பானைக்கு இறுக்கி மூடி போட்டதுபோல மெழுகு எல்லாவற்றையும் உள்ளேயே அடைத்துவிட்டது. இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் கண்ணுக்கு ஏறியிருக்கும் என்றாராம். சுத்தம் செய்து முடித்த பிறகு விளக்கைக் கிட்டக் கொண்டுவந்து ரொம்ப நேரம் பார்த்தார். பல்லில் மேலிருந்து கீழாக ஒரு விரிசல். நூல் கடித்துக் கடித்து வேர் வரை போயிருந்தது.

"கேப் போட்டா நிக்காதா டாக்டர்?" என்று கேட்டாளாம்.

நிற்காது என்றார்.

"அந்த லேசான மஞ்சள்ல பாத்து வச்சிருந்தேனே," என்றாளாம். மறுபடியும், "நிக்காதா?"

டோக்கன் பக்கத்தில் உறிஞ்சுகுழாயைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண்ணீர் வந்தால் துடைக்கக் கை இல்லை, கையில் உறை. முகத்துக்கு முன்னால் பிளாஸ்டிக். அப்படியே மறைப்பு முழுக்க ஆவி படிந்து, யார் எங்கே இருக்கிறார்கள் என்றே தெரியவில்லையாம்.

வீக்கம் வடிந்ததும் அடுத்த செவ்வாய்க்கிழமை பல்லை எடுத்துவிட்டார்கள். தையல்காரி அதைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். பொத்தான் டப்பாவில் போட்டு வைத்திருக்கிறாள், நானே பார்த்திருக்கிறேன்.

டோக்கன் அந்த வெள்ளிக்கிழமை மத்தியானமே ஒரு காரியம் செய்தாள். 'அப்புறம்' பட்டியலில் இருந்த எல்லோருக்கும், ஒன்றாம் எண்ணிலிருந்து, திரும்பவும் போன் செய்தாள். தாளின் கடைசியில் பேனாவால் ஒரு கேள்வியைச் சேர்த்திருந்தாள்: 'கடைசியா இங்க வந்தப்போ டாக்டர் உங்களுக்கு என்ன பண்ணி விட்டாரு?' பாதியில் நின்றுபோன பல்லோடு இன்னும் நாலு பேர் கிடைத்தார்கள். ஒருத்தர் ஓட்டையில் சூயிங்கம் வைத்திருந்தாராம். டாக்டர் ஒரு நாளைக்கு ஐந்தாவது ஆளையும் பார்க்க ஒத்துக்கொண்டார், அவர் அப்பாவிடம் சொல்லாமல்.

நாற்பதாம் எண்ணான எங்கள் வீட்டுக்காரருக்கும் அந்தப் போன் வந்தது. சுத்தம் மட்டும்தானே சார், அப்புறம் பாக்கலாம் என்று ரொம்ப மரியாதையாகச் சொல்லி வைத்துவிட்டாள். சரியாக இரண்டு வாரத்தில் அவருக்கு நிஜமாகவே கடைவாய்ப் பல் வலி வந்தது. கன்னத்தைப் பிடித்துக்கொண்டார், 'அம்மா' என்றார், தூக்கமில்லை. போனை எடுக்கவே கூச்சம். நான்தான் செய்தேன். டோக்கன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "கடலையைக் குடுத்துப் பாருங்கக்கா. மெல்ல முடியலைன்னா கூட்டிட்டு வாங்க," என்றாள். முடியவில்லை. கூட்டிக்கொண்டு போனேன். இப்போது ஒரு பக்கமாகத்தான் மெல்லுகிறார்.

தையல்காரிக்குச் செயற்கைப் பல் வர ஏழு மாதம் ஆயிற்று. அதைச் செய்கிற பட்டறைகள் திறக்க வேண்டுமே. அந்த ஏழு மாதமும் முன்னால் ஒரு ஜன்னல்தான். கவசம் மாட்டியிருந்ததால் யாருக்கும் தெரியாது. ஆனால் ஒருநாள் தைக்கக் கொடுத்த துணியை வாங்கப் போயிருந்தேன். தங்கை யாரிடமோ போனில் அந்தக் கடலைக் கதையை, என் கண் முன்னாலேயே, ஒலி விளைவுகளோடு சொல்லிக்கொண்டிருந்தாள். தையல்காரி கவசத்தை இறக்கித் தண்ணீர் குடிக்கப் போனவள் சிரித்துவிட்டாள். உதட்டை இறக்கவில்லை, கையை வைத்து மறைக்கவும் இல்லை. தெருவே பார்த்துவிட்ட பிறகு மறைக்க என்ன இருக்கிறது என்று விட்டுவிட்டாளோ என்னவோ. சத்தம் என்றால் அப்படி ஒரு சத்தம், தங்கை தோற்றாள். குடும்பக் குரல் இத்தனை வருஷம் உள்ளேயே கிடந்திருக்கிறது. பூட்டு என்ற பேரை அதற்கப்புறம் யாரும் சொல்வதில்லை. நானும் நிறுத்திவிட்டேன்.

டோக்கனின் அண்ணன் ஃப்ரிட்ஜ் ரிப்பேர் செய்கிறவர், மூன்று மணி நேரப் பயணத்தில் இன்னோர் ஊரில் கடை. அவருக்குப் பெண் தேடினார்கள். டோக்கன் வீட்டில் போய்ச் சொன்னாளாம்: 'எனக்கு அண்ணியா வரணும்னா அக்காவுக்காக என்னை அன்னிக்கு அந்தத் திட்டுத் திட்டுனாங்களே, அவங்கதான் வரணும்.' அவள் அம்மா பயந்தார்கள். அண்ணன் பயப்படவில்லை. நாள் முழுக்க கம்ப்ரசர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு இதெல்லாம் ஒரு சத்தமா? இருபது பேருக்கு மேல் கூடக்கூடாது என்ற காலத்திலேயே, அவர்கள் வீட்டு வாசலில் கல்யாணம் முடிந்தது. நாங்கள் இருபதில் இல்லை. பால்கனியிலிருந்து பார்த்தோம். மணப்பெண்ணின் உடுப்பு அக்கா தைத்தது. ஒரு பிசிறு நூல் இல்லை, எல்லாம் கத்தரியால் வெட்டியது. அக்கா இப்போது அந்தக் கத்தரியை நாடாவில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருக்கிறாள். தங்கை இப்போது அந்த ஊரில்தான். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வருவாள். பேருந்து நிறுத்தத்தில் இறங்கும்போதே எங்களுக்குத் தெரிந்துவிடும்.

டாக்டர் ஆஸ்பத்திரியைப் பெரிய சாலைக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டார். கீழ்த்தளத்தைத் தையல்காரி எடுத்துக்கொண்டாள். சாய்வு நாற்காலி இருந்த இடத்தில் இப்போது மிஷின். ஷட்டர் முழுசாக மேலே ஏறியிருக்கும். வெளியே அந்த வெள்ளை வட்டம் மங்கலாக இன்னும் தெரிகிறது, அளவெடுக்க வருகிறவர்களை அதில்தான் நிற்க வைக்கிறாள்.

புதுப்பல் வந்த பிறகு அவளுக்கு இரண்டு வரன் வந்தது. ஒன்று நான் கொண்டுபோனது. பையன் நல்ல மாதிரி, நாற்பத்தைந்து வயது, சொந்த வீடு. எல்லாம் கேட்டுக்கொண்டாள்.

"முன்னாடி ஏங்கக்கா கொண்டு வரல?" என்றாள்.

அந்தப் புதுப் பல்லைப் பார்த்தேன் போலிருக்கிறது, எனக்கே தெரியாமல்.

"இதுக்காகன்னா வேண்டாம்," என்றாள். "இது என் பல்லே இல்ல. அது டப்பாவுல இருக்கு." சொல்லிவிட்டு அந்த லேசான மஞ்சள் தெரியச் சிரித்து, கையைத் தூக்குங்க என்றாள்.

டோக்கன் பெரிய சாலைக்கு மாறிய பிறகும் மத்தியானச் சாப்பாட்டுக்கு டப்பாவை எடுத்துக்கொண்டு தையல்காரியிடம்தான் வருகிறாள். டோக்கனுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.